முந்திரிக் கொல்லைக்கு அடியில்

மாமா வீட்டில் அப்பா கை நனைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா பிறந்த ஊரின் முந்திரிக் கொல்லைகள் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயின, மாமாவுடையதும் போனது. அங்கே மேல்மண்ணை வாரிப் பெல்ட்டில் கொட்டும் ராட்சத மெஷினில் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. இவர் வாராவிட்டால் அடுத்த ஷிப்ட்காரர் வாருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது.

பிறகு மாமாவே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, மகளின் காதுகுத்துக்கு அழைத்தார். அப்பா பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால் போதும், அம்மாவுக்குத் தாய்வீடு திரும்பக் கிடைத்துவிடும். பஸ் ஏறியதிலிருந்து அம்மா சீர்த்தட்டை மடியைவிட்டு இறக்கவேயில்லை.

சித்திரை வெயில். பந்தலை ஒட்டிய வேப்பமரம் முழுக்கச் சில்வண்டு. வெயிலையே யாரோ அரத்தால் ராவுகிற மாதிரி ஓயாத இரைச்சல். அப்பாவுக்கு மாமாவே சோறு போட்டார்.

“எப்பிடி கத்திகினு கெடக்குது பாரு மாப்ள. இதுக்கு உன் மிஷினே தேவல.”

அப்பா சிரித்தார். பந்தி சிரித்தது. அம்மாகூட.

எனக்கு அது போதவில்லை. சில்வண்டுப் பாடம் அப்போதுதான் வகுப்பில் முடிந்திருந்தது. அதைச் சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

“மாமா, இதெல்லாம் குஞ்சா இருக்கும்போது மண்ணுக்குள்ளதான் இருக்கும். வேரை உறிஞ்சிக்கிட்டு வருஷக்கணக்கா இருந்துட்டு, அப்பறம்தான் மரமேறும்.”

“அப்பிடியா பாப்பா? நம்ம கொல்லையிலயும் கெடக்குமா?”

“கெடந்துச்சு மாமா. இப்ப இருக்காது. அப்பாதான் வாரிட்டாரே. வேரு, குஞ்சு எல்லாம் மண்ணோட பெல்ட்டுல போயிருக்கும்.”

சரியான விடை. யாரும் மெச்சவில்லை. சாம்பார் வாளியோடு மாமா அப்படியே நின்றார். அப்பா பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.

“புள்ள ஏதோ படிச்சத சொல்லுது. உக்காரு மாப்ள,” என்றார் மாமா. அப்பா கை கழுவப் போய்விட்டார். அம்மா தன் இலையிலிருந்து தலை தூக்கவில்லை.

இன்றும் எங்காவது சில்வண்டு இரைந்தால் காதுமடல் சுடுகிறது. இரைச்சலும் வருடா வருடம் மெலிந்துகொண்டுதான் வருகிறது. வெட்கப்படுவதற்கு நான் மட்டும் மிஞ்சிவிடுவேனோ என்றிருக்கிறது.

அன்று திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார்.

“உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

“சயின்ஸ் டீச்சர்.”

“சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, எங்கப்பா உங்களைப் பாராட்டினார் டீச்சர் என்று சொன்னேன்.