குச்சிப்பூச்சியும் வெடிவண்டும்

திருப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மலைக்காடு தொடங்கிவிடும். ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்து இரண்டு பூச்சிகளைப் பிடித்துவந்து தனித்தனி டப்பாவில் வைத்திருந்தேன். ஒன்று குச்சிப்பூச்சி. காய்ந்த குச்சி என்றே நம்பும்படி அசையாமல் கிடக்கும். காலைப் பிடித்தால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பிவிடும். தோலுரித்து வளரும்போது புதுக்கால் முளைக்கும். என் விரலிலும் ஒரு காலை விட்டிருந்தது. மற்றது கல்லுக்கடியில் கிடைத்த வண்டு. சீண்டினால் பின்புறத்தைத் திருப்பி டப்பென்று சூடான புகை அடிக்கும். பட்ட இடம் எரியும், பழுப்புக் கறை படியும். நான் அதை வெடிவண்டு என்றேன். எனக்கு அதைத்தான் பிடித்திருந்தது. காலைக் கொடுத்துத் தப்பிப்பதெல்லாம் ஒரு வீரமா?

அப்போது அத்தை எங்களோடு இருந்தாள். நைனாவின் தங்கை. ராமகுப்பத்தில் புருஷன் அடித்த அடி தாங்காமல் கட்டிய புடவையோடு வந்துவிட்டவள். அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட, பலமனேரிலிருந்து பெரியப்பா வந்தார். அண்ணன் பேச்சைத் தட்டாத நைனா, வாசலில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சுவரோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

"இன்னாம்மா, நான் செவுத்தாண்டயா பேசிக்கினு இருக்கேன்? எழுந்துரு. பஸ்ஸு பூடும்."

அவள் கண்கூட அசையவில்லை. திருப்பி ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று எனக்கு ஆத்திரம். உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து வெடிவண்டைப் பெரியப்பாவின் துண்டில் கவிழ்த்தேன். அவர் தட்டிவிடக் கைவைத்தார். டப்.

"ஐயோ, இன்னாடி இது, நெருப்பாட்டம் எரியுது."

முதுகில் ஓர் அறை விழுந்தது. நான் அழவில்லை. இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

விரலை ஊதிக்கொண்டே பெரியப்பா கடைசியாகச் சொன்னார். "நகை, பாத்திரம், பீரோ எல்லாம் அங்க கெடக்குது. அத்தினியும் உட்டுட்டு இங்க குந்திக்கினு இன்னா பண்ணுவ?"

அத்தை அப்போதுதான் வாய் திறந்தாள். "கெடக்கட்டும்ண்ணா. நான் போவமாட்டேன்."

அவர் தனியாகவே பஸ் ஏறினார்.

வண்டுதான் ஜெயித்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். இனி எதற்கென்று குச்சிப்பூச்சியை வேலியில் விடப்போனபோது அத்தையும் கூட வந்தாள். ஒரு கால் குறைவாக அது செடியில் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெசமாவே மறுபடியும் மொளைக்குமா, பாப்பா?"

"அதெல்லாம் மொளைக்கும் அத்த," என்றேன், அலட்சியமாக. பூச்சியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.