நீர்க்கட்டி அப்பாவு கெட்டவனாகப் பார்த்த கதை

வடக்குப்பட்டுக்கு அந்தண்டை இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஏரிதான் முதலில் வந்தது, வீடுகளெல்லாம் பிறகு. உழ ஒரு குடும்பம், துணி வெளுக்க ஒரு குடும்பம், மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விட நீர்க்கட்டி என்று ஒரு குடும்பம் என எந்தக் காலத்திலோ பிரித்துவிட்டார்கள். பிரித்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மாட்டிக்கொண்டவன் நீர்க்கட்டி அப்பாவு.

அப்பனின் கருமாதி அன்று மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்து, அது தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிறகுதான் மடையை விட்டு நகர்ந்து அவனால் போய்ப் பார்க்க முடிந்தது. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு ஆறவே இல்லை.

தொண்ணூற்றொன்று மாசியில், மைத்துனன் கோபால் வாலாஜாபாத் அரிசி ஆலையில் அவனுக்கு ஒரு வேலை பேசி வைத்தான். மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். நீர்க்கட்டி வேலையிலிருந்து தன்னை விட்டுவிடும்படி அப்பாவு ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பார்த்தான்.

"நீ ஞாயஸ்தன்டா. உன்ன வுட்டா யாரு கீறாங்கோ?" என்றார் ஊர்ப் பெரியதனம் பலராமன்.

நல்லவனைத்தானே விடமாட்டார்கள், கெட்டவனாகிவிட்டால்? பலராமனின் வயல் முறை வந்தபோது அதைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினான். அடுத்த முறையும் அப்படியே செய்தான். பயிர் வெளுத்துக் கருகுவதைப் பார்த்து, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவன் மாதிரி தவித்தான். ஆனாலும் அந்த வயலுக்கு வாய்க்காலை வெட்டிவிடவில்லை. வீட்டில் அவன் பெண்சாதி கிளியம்மாள் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

கூட்டம் கூடியது. "தெரிஞ்சேதான் பண்ணேன். என்ன எடுத்துடுங்கய்யா" என்றான் அப்பாவு.

பலராமன் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எடுக்கறது நம்மூரு வழக்கம் இல்ல. பயிரக் காய வுட்டவன் வூட்டோட எறங்கி, மறுபடி நட்டு, அறுத்துக் குடுக்கணும். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். அவனுக்கு நினைவு தெரிந்து எந்த நீர்க்கட்டியும் பயிரைக் காயவிட்டதில்லை. அறுப்பு முடிய வைகாசி ஆகிவிடும். ஆலைக்காரன் அதுவரை காத்திருப்பானா என்ன?

வாசலிலேயே கிளியம்மாள் நின்றிருந்தாள். "இன்னா சொன்னாங்கோ?"

அப்பாவு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நடவுக்கு உன்னியும் வரச் சொல்லிக்கிறாங்கோ."