தைக்கத் தெரிந்தவர்களுக்குத் தையல் வகுப்பு

பிள்ளைகளே, போன மாசம் நான் ஸ்கூலுக்குப் போனேன். சிரிக்காதீர்கள்... நிஜம்தான்.

தாராவியில் நான் பேக் தைக்கிற பட்டறையின் மாடியில் எங்கள் முதலாளி ஒரு டிரெய்னிங் சென்டர் திறந்தார். மெஷினில் தைக்க இலவசப் பயிற்சி. செலவு சர்க்காருடையது, தலைக்கு இவ்வளவு என்று முதலாளி கையில் வந்துவிடும். நல்ல காரியம்தானே? தைக்கத் தெரியாத முப்பது பேர் பிழைத்துக்கொள்வார்களே?

அந்த முப்பது பேர் யார் தெரியுமா? நாங்கள்தான்! அதே பட்டறையில் வருஷக்கணக்காகத் தைக்கிறவர்கள். நான் மட்டும் இருபது வருஷம்.

ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி என்று டீச்சரம்மா பாடம் நடத்தினார். நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம். ‘பயிற்சி’யில் தைத்த பேக்குகள் மட்டும் ஒழுங்காகக் கீழே ஆர்டருக்குப் போயின.

யார் காசு இது? நீங்கள் பிஸ்கட் பாக்கெட் வாங்கும்போது கட்டுகிற வரியும் இதில் உண்டு.

கனி என்று ஒரு பெண். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மெஷின் பழகினால் பட்டறையில் சேரலாம் என்று, மாட்டுங்காவில் பார்த்த வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். தினமும் வாசலில் நிற்பாள்.

“சீட் ஃபுல்லும்மா. அடுத்த பேட்ச்ல பாப்போம்” என்பார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, கீழ ஒரு மெஷின்ல நீங்களே வச்சுப் பழக்கலாம்லா? ஆள் இல்ல, ஆள் இல்லன்னு புலம்புதீயளே?”

“ஏம்வே, என் செலவுல படிச்சிட்டு அடுத்த பட்டறைக்கு ஓடிருவா. நான் என்ன தர்ம சத்திரமா நடத்துதேன்?”

“அப்போ சர்க்கார் செலவுல?”

“அதுக்குத்தான் நீரு இருக்கீருல்லா! புதுசா பழகுறவ தச்சா ஆர்டர் எப்ப முடியும்?”

பாருங்கள் நியாயத்தை! சொந்தக் காசில் கற்றுக்கொடுக்க மாட்டார். ஊரார் வரிப்பணத்திலும் கற்றுக்கொடுக்க மாட்டார். ஆனால், தொழில் தெரிந்த ஆட்கள் மட்டும் அவருக்கு மரத்தில் காய்த்துத் தொங்க வேண்டும்! தொழிலாளியின் கையால் லாபம் பார்க்கிறவர்தானே அந்தக் கையைப் பழக்கும் செலவையும் ஏற்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை தலை எண்ண சர்க்கார் ஆபீசர் வந்தார். நான் எழுந்தேன். எனக்குத் தைக்கத் தெரியும், என் இடத்தை வாசலில் நிற்பவளுக்குக் கொடுங்கள் என்று எனக்கு வந்த ஹிந்தியில் சொல்லிவிட்டேன்.

முதலாளி பல்லைக் கடித்தார். “வே, நாளைக்கு வேலைக்கு வரணும்னு நினைப்பு இருக்கா இல்லியா?”

லிஸ்ட்டில் பெயர் மாற்ற வழியில்லை என்றார் ஆபீசர். கனி காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று வந்து என் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

“பேரு இல்லல்லா? எந்திரி!”

“பேரு வேண்டாம் அண்ணாச்சி. தைக்கச் சொல்லித்தந்தா போதும்.”

ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சரம்மா ஓடிவந்து ஊசியை எடுத்தார். முப்பது பேர் படித்த அந்த வகுப்பில் முதல் மாணவி அவள்தான். இன்றுவரை ஒரு நாள் தவறாமல் வருகிறாள்.

என் வேலையா? பத்திரமாக இருக்கிறது. என்னை விரட்டினால் புதிதாக ஒருவருக்குத் தன் காசில் கற்றுக்கொடுக்க வேண்டுமே... முதலாளியாவது, அதைச் செய்வதாவது!