ஓடாத மிஷினும் ஓடிய கைகளும்

ஒரு கடிதத்துக்கு எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அது எந்தக் கட்டடத்தில் எவ்வளவு இடம் பிடித்தது, எந்த மிஷினை எவ்வளவு நேரம் ஓட்டியது, எத்தனை கைகளில் புரண்டது என்று அளந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சில வருஷம் அந்த ஆள் நான். கட்டணம் ஏறும்போதெல்லாம் கவுண்டரில் நின்று பல்லைக் கடிக்கிறீர்களே, நானும் உங்களோடு சேர்ந்துதான் கடிக்கிறேன். உள்ளே நடப்பது தெரியும் என்பதால் என் பல் கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது.

நான் இருந்தது தபால் துறையில் இல்லை. அதற்கு அளவெடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக் கம்பெனியில். தலைமையகம் பெங்களூரில்; சித்தூர், திருப்பதி வட்டாரம் என் பொறுப்பு. கம்பெனியின் பெயர் வேண்டாம். எழுதினால் ரத்தக் கொதிப்பு ஏறும்.

டேப்பைக் கண்டால்

சித்தூரில் ஒரு பழைய வாடகைக் கட்டடம். தபால் பைகளை இறக்கும் இடத்தை அளக்க வாசலில் டேப்பை விரித்தேன். எதிரே டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, கடை முன்னால் போட்டிருந்த தகரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ரோட்டை அகலப்படுத்த அளக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தபாலை அளக்க வந்தவள் என்று சொன்னால் நம்பவில்லை. தபாலை யார் அளப்பார்கள்?

அவர் மேல் தப்பே இல்லை. எங்கள் பக்கம் டேப்போடு வந்தவர்கள் யாரும் நல்ல சேதி கொண்டுவந்ததாக எனக்கும் ஞாபகம் இல்லை. உள்ளேயிருந்து போஸ்ட்மாஸ்டர் வந்து தெலுங்கில் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஸ்டூலை விட்டு இறங்கினார். எனக்கு ஒரு டீ போட்டு நீட்டிக்கொண்டே தமிழில் கேட்டார்: "அளக்க வர்றவங்கள்ல ஒருத்தராச்சும், உனுக்கு எவ்ளோ எடம் வோணும்னு கேட்டுக்கினு வந்தாங்களாம்மா, இதுவரிக்கும்?"

மஞ்சள்

திருப்பதி வட்டாரத்தில் ஒரு தபால் பிரிப்பு மையம். எது என்று கேட்காதீர்கள். ஹாலில் பாதியை ஒரு புது மிஷின் பிடித்துக்கொண்டிருந்தது. முகவரியைத் தானே படித்து, ஊர் வாரியாகக் கடிதங்களைத் தள்ளிவிடும். மீதிப் பாதியில் எட்டுப் பெண்கள் நின்றுகொண்டு கையால் பிரித்தார்கள். எல்லோரும் ஒப்பந்தக் கூலி. அவர்களுக்கு மூத்தவர் கன்னியம்மா. சத்தியவேடு பக்கத்துக் கிராமம். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

முகூர்த்த மாதம் வந்தது. கல்யாணம் வைத்தால் முதல் பத்திரிகை மலைமேல் இருக்கிற சாமிக்குத்தான். நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகத் தடவி, ஈரம் காய்வதற்குள் பெட்டியில் போட்டுவிடுவார்கள். மிஷினின் ரோலர் முழுக்க மஞ்சள். பத்திரிகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போய் உள்ளே சிக்கின. கல்யாணத் தபால் முழுவதும் கையால் பிரிக்கும் பக்கத்துக்கு வந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த எங்கள் தலைமை அதிகாரி, முரளி என்று வைத்துக்கொள்வோம், மஞ்சள் தடவக்கூடாது என்று தபால் பெட்டிக்குப் பெட்டி போர்டு மாட்டலாமே என்றார். கன்னியம்மா பிரிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "மஞ்ச இல்லாம வந்தா அது கருமாதிப் பத்திரிக சார். உங்க மிஷினாண்ட சொல்லி வையுங்க."

நீலப் போர்வை

அடுத்த வாரம் மிஷினின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் எங்கிருந்தோ வர வேண்டும், வரவில்லை. மிஷினுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தினார்கள். அதன் பக்கம் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சூடு ஆகாதாம். பெண்கள் பக்கம் இருந்த ஃபேனில் ஒன்று சுற்றவே சுற்றாது.

மிஷினின் செலவை, அது பிரித்த தபாலின் மேல் ஏற்றுவது என் வேலை. அது எதையும் பிரிக்கவில்லை. ஆகவே அதன் வாடகை, கரண்ட், அது அடைத்துக்கொண்ட இடம் எல்லாவற்றையும் 'சும்மா நின்ற மிஷின்' என்று தனியாக எழுதி அனுப்பினேன். முரளி போன் செய்தார். செலவு ஏதாவது ஒரு தபாலின் மேல் உட்கார்ந்தே ஆக வேண்டுமாம். இந்த ஹாலில் தபாலைப் பிரிப்பது பெண்கள் மட்டும்தானே, அவர்கள் பிரிக்கும் தபாலின் மேல் போடுங்கள் என்றார். போட்டால் கைப்பிரிப்புதான் அதிகச் செலவு என்று ஆகிவிடும். அந்தப் பக்கத்தை மூடி எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கத்திய கத்தில் வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். முரளி குரலே உயர்த்தவில்லை. "மிஷின் தலையில போட்டா யாரு கட்டுவாங்க மேடம்? வேலை செய்றவங்க தலையிலதான் எதையும் ஏத்த முடியும்."

வீண் நேரம்

கைப்பிரிப்பை நேரம் பார்த்து அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் சரியாக அளக்கிறேனா என்று பார்க்க இன்னோர் ஆளையும் அனுப்பினார்கள். கையில் தபால் இல்லாத நேரமெல்லாம் 'வீண் நேரம்'. திருப்பதி வெயில் உங்களுக்குத் தெரியும். ஒரு பெண் பாட்டிலைத் திறந்து ரெண்டு வாய் தண்ணீர் குடித்தாள். அதையும் குறிக்கச் சொன்னார் அந்த ஆள். முடியாது என்றேன். என் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி அவரே குறித்தார். கன்னியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி குடிக்கிறத எழுதிக்கினீங்க, சரி. வேர்வ ஊத்துதே, அத எங்க எழுதுவீங்க சார்?"

யார் கை முன்னால்

மிஷினின் செலவும் சேர்ந்து கைப்பிரிப்புக்குச் செலவு ஏறிவிட்டது, மூடப்போகிறார்கள் என்ற சேதி எப்படியோ அவர்கள் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் எட்டுப் பேரும் வேறு ஆட்களாக வந்தார்கள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை. கைகள் பறந்தன. வேகமாகப் பிரித்தால் செலவு குறையும், வேலை தப்பும் என்பது அவர்கள் கணக்கு.

வெளியே டீ குடிக்கும் இடத்தில் கன்னியம்மாவைப் பிடித்து நிறுத்தினேன். எப்போதும்போலச் செய்யுங்கள், இப்படிப் பறந்தால் இத்தனை பேர் எதற்கு என்பார்கள் என்று பச்சையாகவே சொன்னேன். எனக்கு உலகம் தெரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பாவமாகப் பார்த்துச் சிரித்தார். "நடவுல எவ கை முன்னால போவுதோ, அவளத்தான் மறுநாளும் கூப்புடுவாங்க. துன்னாம கூட செஞ்சிக்கினு போவோம். நீ கவலப்படாத போம்மா."

பாதி போதும்

அவர்கள் நினைத்தது நடந்தது. செலவு இறங்கியது. கைப்பிரிப்பை மூடவில்லை என்று பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. அதே கடிதத்தின் இரண்டாவது பாராவில், இந்த வேகத்துக்குப் பாதிப் பேர் போதும் என்று இருந்தது. நிறுத்தப்பட்ட நாலு பேரில் முதல் பெயர் கன்னியம்மா.

பெங்களூருக்கே போய் முரளியைப் பார்த்தேன். அது வேலை இல்லை சார், பயம். பயந்து ஓடியதைப் போய் அளந்திருக்கிறோம் என்று மேஜையைத் தட்டினேன். தினமும் அப்படி ஓடினால் செத்துப்போவார்கள் என்றேன். அப்போதும் அந்த மிஷின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஏசியில்தான் நின்றது. அதைக் குறைக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. அன்றைக்கே வேலையை விட்டெறிந்தேன் என்று எழுத ஆசைதான்; மகளின் பள்ளி வருஷம் முடிந்த பிறகுதான் விட்டேன். அன்றைக்கு முரளி எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாம எதுவும் சொல்லலையே மேடம். முடியும்னு அவங்களேதான காட்டினாங்க."

திருச்சானூர் ஷேர் ஆட்டோ

போன மாதம் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போனபோது என் முழங்காலை இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது கன்னியம்மா. அவர்தான் என் மகளை விசாரித்தார். இப்போது ஒரு லாட்ஜில் பெட்ஷீட், தலையணை உறை மடிக்கும் வேலையாம். கோபம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஆட்டோக்காரரிடம் நிறுத்தச் சொல்லி, இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பர்வால்லம்மா. நேத்து மேனேஜரு வந்து பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தாரு. நான் மெதுவாவே மடிச்சேன்."

தபால்தலை விலை ஏன் ஏறியது என்று இனி கவுண்டரில் இருக்கிற பாவப்பட்ட மனிதரைக் கேட்காதீர்கள், ஏசியில் தூங்கும் ஒரு மிஷினின் வாடகைக்கு உங்கள் பங்கைக் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.