விதாத் கேட்ட கேள்வி

ஸ்ஃபாக்ஸ் நகரின் செவிலியர் கல்லூரியில் எம்னா படித்தபோது, மாணவிகள் வார்டில் நடந்ததை வாரம் ஒருமுறை வகுப்பின் வலைப்பூவில் எழுத வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கருத்துச் சொல்ல வேண்டும். முதல் வாரமே எம்னா, ஒரு மீனவரின் கையில் மூன்று முறை ஊசி குத்தியும் நரம்பு கிடைக்காமல் தவித்ததை எழுதினாள். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதே வகுப்பில் படித்து, அப்போது காபெஸ் ஊர் மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த விதாத் மட்டும், "அதெல்லாம் சரிடி, அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்று எழுதியிருந்தாள்.

எம்னாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் போய்க் கேட்டாள். மீனவர் சிரித்தபடி, "அதுக்கென்ன மகளே, இன்னொரு கை இருக்கு பாரு" என்று நீட்டினார்.

அதன்பின் மூன்று வருடம் இருவரும் ஒருவர் தவறை ஒருவர் கிளறிக் கிளறியே தொழில் கற்றார்கள்.

படிப்பு முடிந்ததும் விதாத் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். வகுப்பின் வலைப்பூவும் நின்றுபோனது. எம்னா தன் மருத்துவமனைச் செவிலியர்களுக்காகப் புதிதாக ஒன்று தொடங்கி, விதாத்துக்கும் அதன் முகவரியை அனுப்பினாள். அவள் எதை எழுதினாலும் "அருமை", "பாராட்டுகள்" என்றுதான் பதில் வந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் விதாத்தைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"நீ ஏன்டி எழுத மாட்டேங்கிற?"

"நாள் பூரா ஜெர்மன்லயே பேசி ஓட்டிடறேன் எம்னா. உனக்கு எழுதணும்னா நம்ம பாஷையில யோசிக்கணும். யோசிச்சா, பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவேன்டி."

எம்னா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாரந்தோறும் எழுதுகிறாள். எழுதியதன் கீழே விதாத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வார்டுக்குப் போகிறாள்.