வெள்ளைத் துணியில் கார்புரேட்டர்

அப்பாவின் மோட்டார் சைக்கிள் திருத்தங்கல் வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில் நின்றது. அதன்மேல் ஒரு பழைய ஃப்ளெக்ஸைப் போர்த்தியிருந்தோம். மாமா வேலை பார்த்த அச்சகத்தில் நிறம் மாறி வீணாய்ப்போன ஃப்ளெக்ஸ் அது. யாரோ மணமக்கள் பச்சை முகத்தோடு தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கிறவர். வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் வடக்கே போவார், தீபாவளி கழிந்து வந்துவிடுவார். அந்த முறை தீபாவளியும் கழிந்தது, கிறிஸ்துமஸும் கழிந்தது, நான் நாலாம் வகுப்புக்கும் போய்விட்டேன், அவர் வரவில்லை. எப்போதாவது போன் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே வேலை ஜாஸ்தி என்று அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நானும் அதையே, இன்னும் கொஞ்சம் பெருமை சேர்த்துச் சொன்னேன்.

அம்மா நர்ஸ். அந்தக் கோடையில் அவளை ஆனைக்குட்டம் தாண்டி ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வெயில் ஏறித்தான் வரும். பஸ் வந்தாலும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் கிடைக்க வேண்டும். அம்மா தாமதமாகப் போய் டாக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பாவிடமிருந்து தகவல் வந்தது. ஓடாத வண்டி மழையிலும் வெயிலிலும் கிடந்து வீணாவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லையாம். தம்பி வண்டிதானே, ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போய் விருதுநகரில் தன் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்கிறாராம்.

அம்மா சனிக்கிழமை மத்தியானம் டூட்டி முடிந்து வந்ததும் ஃப்ளெக்ஸை உருவிப் போட்டாள். மாமாவுக்கு ஆள் அனுப்பினாள்.

மாமா அம்மாவின் தம்பி. எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுவார், முக்கால்வாசி தெரியாது. கிக்கரை உதைத்துப் பார்த்துவிட்டு, "கார்ப்ரேட்டர் அடைச்சிருக்குக்கா. மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போயிருவோமா?" என்றார்.

"அங்கன கொண்டு போனா, மச்சான் எப்ப வாராகன்னுதான் மொதல்ல கேப்பான். நாமளே பிரிப்போம்."

"மச்சான் வந்து ஏசப்போறாக."

"வந்தா ஏசட்டும்."

அப்பா வரப்போகிறார் என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது. வருகிறவருக்காகத்தானே வண்டியைச் சரி செய்கிறார்கள்? நான் ஓடிப்போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தரையில் அம்மா ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். கார்புரேட்டர் கழன்று வந்தபோது அது ஒரு சாமான் மாதிரியே இல்லை. கருத்துப்போய், பிசுபிசுவென்று, அடுப்படியில் ரொம்ப நாள் கிடந்த எண்ணெய்க் குப்பி மாதிரி இருந்தது. அடியிலுள்ள கிண்ணத்தைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. உள்ளே தங்கியிருந்த பெட்ரோல் காய்ந்து, கருப்பட்டிப் பாகு போல ஒட்டியிருந்தது. மாமா மூக்கைப் பொத்தினார். புண்ணுக்கு மருந்து கட்டிப் பழகிய அம்மா பொத்தவில்லை.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றின வரிசையிலேயே துணியில் வைத்தாள். நடுவில் ஒரு திருகை நான் எடுத்துப் பார்த்தேன்.

"ஏட்டி, வச்ச எடத்துல வை. இது மாறிச்சுன்னா எல்லாம் மாறிரும்."

பெட்ரோலில் எல்லாவற்றையும் முக்கிக் கழுவினாள். பெட்ரோல் வரும் ஓட்டை ஒன்று ஊசிமுனை அளவே இருந்தது. அது அடைத்திருந்தது. மாமா ஊதிப் பார்த்தார், கன்னம் வலித்ததுதான் மிச்சம். அம்மா ஒரு மின்சார வயரை உரித்து ஒற்றைச் செப்பு இழையை எடுத்து மெதுவாக உள்ளே விட்டாள். பிறகு ஆஸ்பத்திரி சிரிஞ்சில் பெட்ரோலை ஏற்றி அந்த ஓட்டையில் பீய்ச்சினாள். முதலில் கறுப்பாய்ச் சொட்டியது. திரும்பத் திரும்பப் பீய்ச்சினாள். கடைசியில் மறுபக்கம் நூல் மாதிரி நேராக ஒரு பெட்ரோல் கோடு பாய்ந்து மாமாவின் சட்டையை நனைத்தது. அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கிண்ணத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில், பெட்ரோல் கசியாமல் தடுக்கும் பட்டை கிழிந்துவிட்டது. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலண்டர் அட்டையை அளவாக வெட்டி வைத்து முடுக்கினார். பெட்ரோலைத் திறந்ததும் அது சுற்றிலும் கசிந்து ஒழுகியது. அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள், ஒழுகின இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள். எங்கள் ஊரில் தீ என்றால் யாருக்கும் விளையாட்டு கிடையாது. மாமா முகம் தொங்கிப்போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பினார், சரியான பட்டை வாங்கிவர.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து அம்மா புதுப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோதே வாசலில் மினி லாரி வந்து நின்றது. பெரியப்பா கயிற்றோடு இறங்கினார்.

"வாங்க அத்தான். காப்பி குடிக்கீகளா?" என்றாள் அம்மா, கையில் ஸ்பானரோடு.

பெரியப்பா துணியையும் சிரிஞ்சையும் பார்த்தார். "இதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா? ஓடாத வண்டிய வச்சு என்ன செய்யப் போறே?"

"ஓடலைன்னா கொண்டு போங்க."

மாமா உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி உதைத்தார். பெரியப்பா டிரைவரிடம் லாரியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. வண்டியைக் கொண்டு போய்விட்டால் அப்பா வந்து எதில் போவார்?

அம்மா மாமாவை விலகச் சொன்னாள். குனிந்து கார்புரேட்டரின் பக்கவாட்டிலிருந்த சின்னத் திருகை ஸ்க்ரூட்ரைவரால் கொஞ்சம் திருப்பினாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உடம்பின் கனம் முழுவதையும் ஏற்றி ஓர் உதை உதைத்தாள்.

வண்டி கரும்புகையைக் கக்கியது. அணையப் பார்த்தது. அம்மா ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடித்துத் திருகினாள். புகை வெள்ளையானது, பிறகு இல்லாமலே போனது. சத்தம் நிதானத்துக்கு வந்து, ஒரே தாளத்தில் நிலைத்தது.

பெரியப்பா கயிற்றைச் சுருட்டி லாரிக்குள் போட்டார். காப்பியை நின்றபடியே குடித்தார். "ரோட்டுல பாத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில் அப்பாதான் ஆனைக்குட்டம் அணைக்கரையில் வைத்து அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கிளம்பும் முன் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பிடித்துத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள். நட்டு இளகியிருந்தது, ஆடாமலிருக்க ஸ்பானர் போட்டு இறுக்கியும் விட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு இதுல பின்னால வாறது தெரியாதே. அவுக உசரமாச்சே."

"எனக்குத் தெரியுது" என்றாள் அம்மா.

ஆனைக்குட்டம் சாலையில் காற்று காதில் அடித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முன்பு கண்ணாடி எந்த உயரத்தில் இருந்தது என்று வழியெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டே போனேன். அப்பா வந்து கேட்டால் சரியாகத் திருப்பி வைக்க யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே.