கலா அக்கா கேட்ட மன்னிப்பு

பாச்சாங்கில் இருக்கும் எங்கள் ஆபீசில் இன்று காலை நடந்தது இது.

வீட்டுப் பிளான் வரைய லிஸ்ப் என்ற கணினி மொழியில் நான் எழுதிய புரோகிராம், அறையின் அகலம் என்ன என்று கேட்டது. எங்களோடு பிளான் வரையும் கலா அக்காவுக்கு அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வர வேண்டும். நான் செய்வதைப் பார்த்திருந்தவர், அடைப்புக்குறி போட்டு ‘குவிட்’ என்று தட்டினார்.

அது கேள்வியை மட்டுமல்ல, புரோகிராமையே மூடும் கட்டளை; எல்லாம் மூடிக்கொண்டது. சேமிக்காத பிளான் போயே போய்விட்டது.

“தம்பி, நான்தான் என்னமோ தப்பா தட்டிட்டேன் லா. பாஸ்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“இல்லக்கா. யார் எதைத் தட்டுனாலும் அதைக் கட்டளையா எடுத்து அப்படியே ஓட்டுன்னு எழுதி வச்சது நான்தான்.”

திருத்திவிட்டேன். இனி எண்ணை மட்டும்தான் வாங்கும், எதையும் ஓட்டாது. அக்கா மறுபடி வரைகிறார், நான் அளவு வாசிக்கிறேன்.

இந்தக் குழுவில் இதைப் படிக்கும் புரோகிராமர்களே, உங்கள் தப்புக்கு இன்று எந்த அக்கா மன்னிப்புக் கேட்டார்?